பாதியில் நின்ற எண்

கம்பியூட்டரைப் போட்டதும் கறுப்புத் திரையில் வெள்ளை எண்கள் விறுவிறுவென்று ஏறிக்கொண்டே போய், ஓரிடத்தில் வந்து நிற்குமே, ஞாபகம் இருக்கிறதா? என் வயதுக்காரர்களுக்கு இதைச் சொன்னால் போதும், அந்தப் பெட்டி போட்ட சத்தம்கூட அவர்கள் காதுக்கு வந்துவிடும். என்னிடம் படிக்கும் பிள்ளைகளிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். எதற்கு மிஸ் அது எண்ண வேண்டும் என்று கேட்டார்கள். தன்னிடம் எவ்வளவு நினைவகம் இருக்கிறது என்று அந்தக் காலத்துக் கம்பியூட்டர் ஒவ்வொரு முறை எழும்போதும் தானே எண்ணிப் பார்த்துக்கொள்ளும் என்றேன். சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, பாடத்துக்குத் திரும்பிவிட்டேன். எங்கள் வீட்டில் அந்த எண் என்ன செய்தது என்று அவர்களிடம் சொல்ல முடியாது. உங்களிடம் சொல்லலாம்.

யட்டியாந்தோட்டைக்கு மேலே, ரப்பர் மலையில் எங்கள் தோட்டம். அப்பா அங்கே ஆபிஸ் கிளாக்கர். நாங்கள் இருந்தது ஸ்டாப் குவாட்டஸில், அப்பா, அம்மா, நான் ஒரே பிள்ளை. ஆபிசுக்குப் புதுக் கம்பியூட்டர்கள் வந்தபோது பழையதில் ஒன்றைத் தோட்டத்து மேனேஜர் தொரை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டார். லொறியில் வைத்து, மேலே சாக்குப் போட்டு மூடி, மழைக்குள் கொண்டுவந்தார்கள். அம்மா பழைய ஜன்னல் திரையைக் கிழித்து அதற்கு உறை தைத்தார். முன்னறையில், சாமிப் படத்துக்கு எதிரே அது உட்கார்ந்தது. ஸ்டோரில் ரப்பர் ஷீட்டைப் புகை போடும் நாட்களில் அந்த வாசம் வீடு முழுக்க வரும். கம்பியூட்டரைப் போட்டுச் சூடானதும் அதன் முதுகிலிருந்தும் அதே வாசம் வரும். நான் அதன் பின்னால் போய் முகத்தை வைத்துக்கொள்வேன். மழைக் காலத்தில் எங்கள் வீட்டில் காய்ந்த இடம் அது ஒன்றுதான்.

அப்பா அதைப் போட்டுவிட்டு உடனே உட்கார மாட்டார். கையைக் கட்டிக்கொண்டு நின்று எண் ஏறுவதைப் பார்ப்பார். எங்கள் பெட்டியில் அது அறுபத்தைந்தாயிரத்துச் சொச்சத்தில் போய் நிற்கும். நின்ற பிறகுதான் நாற்காலியை இழுப்பார். அந்த எண் எதைக் குறிக்கிறது என்று அவருக்கு அப்போது தெரியாது. நேற்று இருந்தது இன்றைக்கும் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவர் வேலை.

இதற்கு ஒரு காரணம் உண்டு. கிளாக்கர் ஆவதற்கு முன் அப்பா பல வருடம் மடுவத்தில், ரப்பர் பால் எடை போடும் கொட்டகையில், கணக்கப்பிள்ளை. வாளி வாளியாக வரும் ரப்பர் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று மிதவையை விட்டுப் பார்ப்பதே காலைப்பொழுது முழுவதும் அவர் தொழில். ஒருவர் வாளியை நீட்டும்போது அப்பா பாலைப் பார்க்க மாட்டார், முகத்தைப் பார்ப்பார். அந்தப் பார்வை அவர் வீட்டுக்கு வரும்போதும் கூடவே வந்தது. கடைக்காரர் கொடுத்த சீனியைக் கையில் ஏந்திப் பார்ப்பார். நான் வகுப்பில் முதலாவதாக வந்தேன் என்றால், இரண்டாவது யார், அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சலா என்று கேட்பார். கெட்ட மனிதர் இல்லை. யாரையும் அடித்ததில்லை. யாரையும் நம்பியதும் இல்லை.

அம்மாவின் தம்பி, என் மாமா, அந்த வருடம் எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். அம்மாவின் ஊர் கஹவத்தைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். மாமா அவிசாவளையில் ஒரு கடையில் கம்பியூட்டர் திருத்தும் வேலைக்குச் சேர்ந்திருந்தார். கஹவத்தையிலிருந்து தினமும் வந்து போக முடியாது என்பதால் அக்கா வீட்டில் இருந்தார். மெலிந்த ஆள். நடக்கும்போது ஏதாவது ஒன்றை விரலால் தட்டிக்கொண்டே இருப்பார். சிங்களம் தண்ணீர் மாதிரி பேசுவார். பஸ்ஸில் கண்டக்டரோடு பேச ஆரம்பித்தால் இறங்கும் இடத்தை விட்டுவிடுவார். அப்பாவுக்கு இது பிடிக்காது. எல்லோரோடும் சிரிப்பவனிடம் ஏதோ இருக்கிறது என்பது அப்பாவின் எண்ணம்.

சில மாதத்தில் கம்பியூட்டர் சுணங்க ஆரம்பித்தது. அப்பா கோயில் திருவிழாவுக்கு நோட்டீஸ் அடித்துக்கொண்டிருப்பார். ஒரு எழுத்தைத் தட்டினால், அது திரைக்கு வருவதற்குள் அம்மா தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து வைத்துவிடுவார். பிறகு ஒரு சின்னப் பெட்டி தோன்றி, நினைவகம் குறைவாக இருக்கிறது, சிலவற்றை மூடுங்கள் என்று ஆங்கிலத்தில் சொல்லும். அப்பா அதை இரண்டு தடவை வாய்விட்டு வாசித்தார். குறைவாக இருக்கிறது என்றால் முன்பு நிறைய இருந்திருக்கிறது. அப்படியானால் அது எங்கே போனது? இதுதான் அவருடைய முதல் கேள்வி.

மாமா திருத்துகிறேன் என்று உட்கார்ந்தார். நான் பக்கத்தில் முக்காலியைப் போட்டுக்கொண்டேன். அவர் எனக்குச் சொன்ன விளக்கத்தை இன்றைக்கும் நான் வகுப்பில் சொல்கிறேன். ஸ்டோர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், மடுவத்தில் தராசுக்கு முன்னால் இருக்கும் மேடை சின்னதுதானே? ஒரே நேரத்தில் சில வாளிகளைத்தான் அதில் வைக்கலாம். கம்பியூட்டரில் அந்த மேடைதான் நினைவகம். வேண்டாத வாளியெல்லாம் மேடையை அடைத்துக்கொண்டு நிற்பதால்தான் வேலை நடக்கவில்லை என்றார்.

வேண்டாத வாளிகளை அவர் ஒவ்வொன்றாக இறக்கினார். கம்பியூட்டர் எழும்போதே கூடச் சேர்ந்து எழுந்துகொண்டிருந்த சில புரோகிராம்களை நிறுத்தினார். மூலையில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் வரிசையாக இருந்த சின்னப் படங்கள் மறைந்தன. ஆபிசிலிருந்து வந்த ஏதோ ஒரு கணக்குப் புரோகிராமை எடுத்துவிட்டார். முகப்பில் இருந்த நீர்வீழ்ச்சிப் படத்தை எடுத்துவிட்டு வெறும் நீல நிறம் வைத்தார். தேங்கிக் கிடந்த குப்பை பைல்களை அழித்தார். கம்பியூட்டர் ஓட ஆரம்பித்தது. எழுத்துகள் தட்டிய உடனே வந்தன.

சாயந்திரம் அப்பா வந்து பார்த்தார். வேகத்தை அவர் கவனிக்கவே இல்லை. நீர்வீழ்ச்சி எங்கே என்று கேட்டார். மூலையில் இருந்த படங்கள் எங்கே என்று கேட்டார். மாமா பொறுமையாகச் சொன்னார். அப்பா தலையாட்டிக்கொண்டே கேட்டார். மாமா குளிக்கப் போன பிறகு அம்மாவிடம், “ஒன் தம்பி வந்து ஒக்காந்தா ஒவ்வொரு சாமானா கொறயுது” என்றார்.

அம்மா பருப்பைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா கோயில் கூட்டத்துக்குப் போயிருந்த நேரம், மாமா பெட்டியையே திறந்தார். தரையில் பேப்பரை விரித்து அதன்மேல் படுக்க வைத்து, பக்கத் தகட்டைக் கழற்றினார். உள்ளே ரப்பர் புகை கரியாகப் படிந்திருந்தது, ஒரு மூலையில் பல்லி முட்டை ஓடு. மாமா பழைய பெயின்ட் பிரஷால் தூசியைத் தட்டினார். அப்போதுதான் நினைவகத்தை முதல்முதலில் கண்ணால் பார்த்தேன். என் அடிமட்டத்தில் பாதி நீளத்தில் இரண்டு பச்சைத் தகடுகள், பக்கத்துப் பக்கத்தில் செருகியிருந்தன. இரண்டு நுனியிலும் வெள்ளைக் கொக்கிகள். கொக்கியை விரித்தால் தகடு தானாக எழும்பும். அடியில் தங்க நிறத்தில் பல் வரிசை. மாமா ஒவ்வொன்றாக எடுத்து அந்தப் பற்களை என் அழிரப்பரால் தேய்த்தார். அழிரப்பர் கறுத்துப் போனது. திரும்பச் செருகும்போது கொக்கி ‘டக்’கென்று பூட்டிக்கொள்ள வேண்டும், அந்தச் சத்தம் கேட்டால்தான் சரி என்று சொல்லி, இரண்டாவதை என் கையில் கொடுத்து அழுத்தச் சொன்னார். அழுத்தினேன். டக்.

அந்த நேரம் பார்த்து அப்பா வந்துவிட்டார். வாசலில் குடையை உதறியபடி நின்று, பேப்பரில் பரப்பியிருந்த ஆணிகளையும் கம்பிகளையும் பார்த்தார். மாமா மூடிப் போட்டுக் காட்டியபோது எண் சரியாகத்தான் நின்றது. அப்பா பார்த்துக்கொண்டேதான் நின்றார். ஆனால் பெட்டி திறந்து கிடந்த காட்சி அவர் மனதிலிருந்து போகவில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு பெருமழை. எங்கள் பக்கத்து மழையை அறிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பால் வெட்டு நின்றுவிட்டது. சுவர் வியர்த்தது. அலுமாரியில் இருந்த சப்பாத்தில் பூஞ்சணம் பூத்தது. பல நாள் கம்பியூட்டரை யாரும் போடவில்லை. மழை விட்ட ஒரு காலையில் அப்பா உறையை எடுத்துவிட்டுப் போட்டார். எண் ஏறியது. முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சத்தில் நின்றுவிட்டது.

அப்பா நிறுத்திவிட்டுத் திரும்பப் போட்டார். அதே எண். மறுபடியும் போட்டார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார். நான் பாடசாலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். “சரி பாதி” என்றார், எனக்குச் சொல்வது போலவும் தனக்குச் சொல்வது போலவும்.

அந்த வாரம் ஆபிஸ் கம்பியூட்டர்களைப் பார்க்கக் கொழும்பிலிருந்து ஒருவர் வந்திருந்தார். அப்பா அவரிடம் கேட்டிருக்கிறார். பெட்டியைப் பார்க்காமலே அவர் பதில் சொன்னார்: உள்ளே இரண்டு தகடு இருந்திருக்கும், ஒன்றை யாரோ உருவிவிட்டார்கள், திருத்துகிற கடைகளில் இது சாதாரணமாக நடப்பதுதான். அப்பாவுக்கு வேறெதுவும் தேவைப்படவில்லை. அன்றைக்கே ஆபிசிலிருந்து பழுப்பு ஒட்டுத்தாள் கொண்டுவந்தார். பெட்டியின் பின்பக்கம், தகடும் சட்டமும் சேரும் இடத்தில் மேலும் கீழும் ஒட்டினார். ஒட்டியதன்மேல், பாதி தாளிலும் பாதி தகரத்திலுமாகக் கையெழுத்துப் போட்டார். ஸ்டோரில் ரப்பர் பெட்டிகளுக்கு அப்படித்தான் செய்வார்கள்.

மாமா வேலையிலிருந்து வந்து அதைப் பார்த்தார். முதலில் அவருக்கு விளங்கவில்லை. எண் பாதியில் நிற்கிறது என்று நான்தான் சொன்னேன். உடனே சிரித்துவிட்டார். ஈரத்தில் பல் கறுத்துப் போயிருக்கும், திறந்து ஒரு தேய் தேய்த்தால் வந்துவிடும் என்று ஸ்குரு டிரைவரை எடுக்கப் போனார். அப்பா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

“அத யாரும் தொறக்க வேணாம்.”

“தொறந்து பாத்தா தெரிஞ்சிரும் மச்சான். ரெண்டும் உள்ளதான் இருக்கும்.”

“இப்ப ஒன் கையில குடுத்தா இருக்கும். எடுத்தவனுக்குத் திரும்ப வைக்கத் தெரியாதா?” என்றார் அப்பா.

மாமா அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் சிரித்த முகத்தோடுதான் நின்றார். முகம் மாறுவதற்கு அவ்வளவு நேரம் ஆனது. அம்மா அடுப்படிக் கதவில் நின்றார். அம்மா ஏதாவது சொல்வார் என்று நான் காத்திருந்தேன். மாமாவும் காத்திருந்தார் என்றுதான் நினைக்கிறேன்.

அதன் பிறகு வீட்டில் எல்லோரும் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்பா ஆபிசுக்குப் போகும்போதும் வரும்போதும் ஒட்டுத்தாளைத் தடவிப் பார்ப்பார். நானும் பார்க்கப் பழகிவிட்டேன். மாமா கடையிலிருந்து சின்னப் பார்சல் ஒன்று கொண்டுவந்தால், அதற்குள் என்ன என்று எனக்கே தோன்றும். ஒருநாள் மாமா கிணற்றடியில் இருந்தபோது அப்பா ஆணியில் மாட்டியிருந்த அவருடைய பையை எடுத்து உள்ளே கைவிட்டுப் பார்த்தார். தலையைத் துவட்டிக்கொண்டே வந்த மாமா அதைப் பார்த்துவிட்டார். பையை வாங்கி, உடுப்புகளை அதற்குள் வைத்து, அம்மாவிடம் அவிசாவளையில் ரூம் பார்த்துவிட்டதாகச் சொன்னார். ரூம் எதுவும் பார்த்திருக்கவில்லை. சில நாள் கடையிலேயே படுத்திருந்தார் என்று பிறகு தெரிய வந்தது. போகும்போது என் தலையில் விரலால் தாளம் போட்டுவிட்டுப் போனார்.

இதோடு முடிந்திருந்தால் குடும்பச் சண்டை என்று மறந்திருப்போம். அந்த நேரத்தில்தான் மாமாவுக்குப் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். கஹவத்தை டவுனில் புடவைக்கடை வைத்திருந்தவரின் மகள். இரண்டு வீட்டுக்கும் பிடித்துப் போயிருந்தது. மாமாவும் அந்தப் பெண்ணும் ஒரு தடவையோ இரண்டு தடவையோ பேசியும் இருக்கிறார்கள். பெண்ணின் அப்பா ஒழுங்கான மனிதர். மாப்பிள்ளை இத்தனை நாள் தங்கியிருந்த வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று பஸ் ஏறி, இறங்கி, மாறி எங்கள் வீடு வரைக்கும் வந்தார்.

அம்மா வடை சுட்டார். நான் தட்டைக் கொண்டுபோய் வைத்துவிட்டு உள்ளே வந்து, அம்மாவோடு திரைச்சீலைக்குப் பின்னால் நின்றேன். வந்தவர் ரப்பர் விலை, மழை, பஸ் எல்லாம் பேசிவிட்டு விஷயத்துக்கு வந்தார். பையன் எப்படி என்று கேட்டார். அப்பா பொய் சொல்லத் தெரியாதவர். அதில் அவருக்குப் பெருமையும் இருந்தது.

“கெட்டவன்னு சொல்ல மாட்டேங்க” என்றார். “குடிக்க மாட்டான். ஆனா நான் பொறுப்பு எடுத்து ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீங்களே வெசாரிச்சுக்குங்க.”

வந்தவர் வடையில் ஒன்றைப் பிட்டு அப்படியே வைத்துவிட்டார். அம்மாவின் கை என் தோளில் இருந்தது. அந்தக் கையின் பாரம் கூடிக்கொண்டே போனது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கொஞ்ச நாளில் கஹவத்தையிலிருந்து செய்தி வந்தது, ஜாதகம் சரியில்லையாம் என்று. ஏற்கெனவே பார்த்துப் பொருந்திய ஜாதகம்.

அடுத்து அம்மா செய்ததைச் சொல்கிறேன். அம்மா அதுவரை அந்தக் கம்பியூட்டரைத் தூசி தட்டியதைத் தவிர வேறு எதற்கும் தொட்டதில்லை. ஒரு பகல், அப்பா ஆபிசுக்குப் போன பிறகு, என்னைப் பாடசாலைக்கு அனுப்பாமல் நிறுத்திக்கொண்டார். முன்கதவைத் தாழ் போட்டார். மாமா அன்றைக்கு எப்படிக் கழற்றினார் என்று பார்த்தாயா என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். வயரைப் பிடுங்கினோம். நான் இடத்தைக் காட்ட, அம்மா வெங்காயம் வெட்டும் கத்தியால் ஒட்டுத்தாளைக் கிழித்தார். மெதுவாக உரித்திருந்தால் ஒருவேளை திரும்ப ஒட்டியிருக்கலாம். அம்மா அப்படிச் செய்யவில்லை. கையெழுத்தின் குறுக்காகவே கத்தி போனது.

தகட்டைக் கழற்றியதும் எது என்று கேட்டார். நான் விரலை நீட்டினேன்.

இரண்டு பச்சைத் தகடுகள். பக்கத்துப் பக்கத்தில்.

அம்மா தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் அப்படி இல்லை. இரண்டு தானா, முன்பும் இரண்டு தானா என்று என்னைத் திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு என் அழிரப்பரை வாங்கி, நான் சொன்னபடி பற்களைத் தேய்த்தார். இரண்டாவது தகட்டின் பற்களில் பச்சையும் கறுப்புமாக ஏதோ பூத்திருந்தது. போகும்வரை தேய்த்தார். நான் செருகி அழுத்தினேன். கொக்கி பூட்டியது. வயரைக் கொடுத்துப் போட்டோம். எண் ஏறியது. பாதியைத் தாண்டியபோது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அறுபத்தைந்தாயிரத்துச் சொச்சத்தில் நின்றது.

அப்பா வரும்வரை அம்மா பெட்டியை மூடவில்லை. அவர் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கூப்பிட்டு, உள்ளே இருந்த இரண்டு தகட்டையும் காட்டி, கம்பியூட்டரைப் போட்டு எண்ணைக் காட்டினார். நடந்ததை முழுவதும் சொன்னார். அப்பா குனிந்து பார்த்தார். எண் நின்ற பிறகும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தரையில் கிடந்த ஒட்டுத்தாள் துண்டுகளைப் பொறுக்கினார்.

“ஒட்டுனது நான். கிழிச்சது நீ. நடுவுல அவன் வந்து வச்சிட்டுப் போகலன்னு யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியும். பாப்பாவுக்குத் தெரியும்.”

“நீ அவன் அக்கா” என்றார் அப்பா. என்னைப் பார்க்கவே இல்லை.

அம்மா பெட்டியை மூடினார். அதற்குப் பிறகு இந்தப் பேச்சை அவர் எடுத்ததே இல்லை. சோறு போட்டார், துணி துவைத்தார், கோயிலுக்குக் கூடப் போனார். அப்பாவிடம் பேசும்போது அவர் தோளுக்குப் பின்னால் இருக்கும் எதையோ பார்த்துப் பேசினார். அது கடைசிவரை மாறவில்லை.

கொஞ்ச நாள் கழித்து அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு கஹவத்தைக்குப் போனார். மாமா அவிசாவளை வேலையை விட்டுவிட்டு ஊருக்கே போயிருந்தார். லயத்து வீட்டின் முன்னால் உட்கார்ந்து யாருடையதோ ரேடியோவைத் திருத்திக்கொண்டிருந்தார். அம்மா போன வேகத்தில், உட்காரக்கூட இல்லாமல், தாளைக் கிழித்துத் திறந்தது, இரண்டும் உள்ளே இருந்தது, எண் வந்தது எல்லாவற்றையும் சொன்னார். மாமா ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். மாமாவின் முகமாவது மலரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

“தொறக்கயில மச்சான் வீட்ல இருந்தாரா?” என்று கேட்டார்.

இல்லை என்றார் அம்மா.

“அப்ப அவருக்குக் காட்டத் தொறக்கல. நீங்க பாக்கத் தொறந்தீங்க.”

எனக்கே அப்போதுதான் உறைத்தது, அம்மா ஏன் கதவைத் தாழ் போட்டார் என்று. உள்ளே ஒன்றுதான் இருந்திருந்தால், அதைத் தான் மட்டும் பார்த்துவிட்டு மூடிவிட வேண்டும் என்றுதான்.

“ஆமா தம்பி” என்றார் அம்மா. “நான் பாக்கத்தான் தொறந்தேன்.”

மாமா எழுந்து உள்ளே போய் எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்தார். அந்தப் பேச்சு அதோடு நின்றது. பஸ் ஏற்றிவிட வந்தார். ஜன்னலுக்கு வெளியே நின்று, மழை வருது, நனைஞ்சிராதீங்க அக்கா என்றார். அவர் எங்கள் வீட்டுப் படியை மிதித்தது பிறகு அப்பாவின் சாவுக்குத்தான். வந்தவர் வாசலில் தயங்கவில்லை. நேரே உள்ளே வந்து, மற்றவர்களோடு சேர்ந்து தூக்கினார்.

மாமா பிறகு பெல்மதுளைப் பக்கம் பெண் எடுத்தார். போன் திருத்தும் கடை வைத்திருக்கிறார். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். அம்மா இப்போது வரக்காப்பொலையில் என்னோடு இருக்கிறார். நான் அங்கே ஒரு பாடசாலையில் கம்பியூட்டர் பாடம் எடுக்கிறேன். அப்பா செய்த ஒரு அநியாயத்தை அவர் ஒருநாளும் ஒத்துக்கொள்ளவில்லை என்பதுதான் இத்தனை வருடமாக எங்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. உங்களுக்கும் நான் அதைத்தான் சொல்லியிருப்பேன், இந்த வருடம் எங்கள் பாடசாலைக்குப் புது டீச்சர் ஒருவர் வந்திருக்காவிட்டால்.

சின்னப் பெண், முதல் நியமனம். சாமான்களோடு கொண்டுவந்து விட அவளுடைய அம்மா வந்திருந்தார். எந்த ஊர் என்று பேசிக்கொண்டிருந்தோம். கஹவத்தை என்றார். புடவைக்கடை என்றார். நான் என் தோட்டத்தின் பெயரைச் சொன்னதும் என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

“கிளாக்கர் ஐயா மகளா நீங்க? ஒங்க அப்பா எங்க வீட்டுக்கு வந்தாருங்களே” என்றார்.

மாமாவுக்குப் பேசியிருந்த பெண் இவர்தான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. இல்லை, உங்கள் அப்பாதான் எங்கள் வீட்டுக்கு வந்தார் என்று நான் திருத்தினேன். அவர் தலையசைத்தார். அது முதலில். இது அதற்குப் பிறகு என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழையில், யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் அப்பா அங்கே போய் நின்றிருக்கிறார். வீட்டுக்குள் வரவில்லை, கடை வாசலிலேயே நின்று சொல்லியிருக்கிறார். நான் சொன்னது பிழை, பையன்மேல் ஒரு குற்றமும் இல்லை, என் வார்த்தையை வைத்து முடிவெடுக்க வேண்டாம் என்று. அதற்குள் இவருக்கு வேறு இடம் பேசி, தட்டு மாற்றி முடிந்திருந்தது. அதைக் கேட்டதும் அப்பா கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாராம். இவர் கொடுத்த தேத்தண்ணியை நின்றபடியே குடித்துவிட்டுப் போய்விட்டாராம். இதையெல்லாம் அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். மகளின் கட்டிலுக்கு நுளம்பு வலை கட்டிக்கொண்டே சொன்னார்.

நான் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தார்.

“ஒங்க அப்பாவா? போயிருக்க மாட்டாரு” என்றார். “அந்தப் பொம்பள நல்லதா ஒரு வார்த்த சொல்லணும்னு சொல்லியிருக்கும்.”

நான் வற்புறுத்தவில்லை. நறுக்கி முடித்த பிறகும் கத்தி அம்மாவின் கையிலேயே இருந்தது.

“அன்னைக்கு என்ன சட்ட போட்டிருந்தாருன்னு கேளு” என்றார்.

இத்தனை வருடம் கழித்து அது யாருக்கு ஞாபகம் இருக்கும் என்றேன். இருக்கும், நீ கேளு என்றார். அப்போதுதான் ஏன் என்று கேட்டேன். அந்த மழைக் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஆபிசில் வேலை என்று சொல்லிவிட்டுப் போனாராம். அம்மாவுக்குச் சந்தேகம். குடையை எடுத்துக்கொண்டு ஆபிஸ் வரைக்கும் போய்ப் பார்த்திருக்கிறார். ஆபிஸ் பூட்டிக் கிடந்தது. அப்பா இருட்டிய பிறகு, தெப்பமாக நனைந்து வந்தார். எங்கே போனார் என்று அவர் சொல்லவில்லை, அம்மா கேட்கவில்லை. கேட்காமலே மனதுக்குள் ஒன்றை நினைத்துக்கொண்டு, அப்பாவின் கடைசி நாள்வரை அம்மா அதோடு இருந்திருக்கிறார். என்ன நினைத்தார் என்பதை அம்மா என்னிடம் சொல்லவில்லை. வேறொரு பெண் என்றுதான் நினைத்திருப்பார், சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

மறுநாள் அந்தப் புது டீச்சரிடம் அவளுடைய அம்மாவின் நம்பரை வாங்கிப் பேசினேன். அவர் யோசிக்கவே இல்லை. வெள்ளைச் சட்டைதான் என்றார். மழையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்ததாம். துவட்டத் துவாய் கொடுத்தபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

அம்மாவிடம் வந்து சொன்னேன். வெளியே கண்டி ரோட்டில் பஸ்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டு போயின.

“சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல” என்றார்.

பிறகு முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, என் கையிலிருந்த போனைப் பார்த்தார்.

“தம்பிக்குக் கோல் எடு. நானே சொல்றேன்.”